பதிவேடு கிழிந்த வன்தட்டு

அம்பாறை மாவட்டத்தின் கரையோரமாக மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கி அடுத்தடுத்து அமைந்துள்ள பட்டினங்களிலே, கணினி திருத்தும் கடைகளுக்குக் கொண்டுவரப்படும் வன்தட்டுகளுள் ஒரு வகை உண்டு. அது சுழலும், கணினியும் அதனை இனங்காணும், மற்றைய கோப்புறைகள் எல்லாம் திறக்கும். ஒரே ஒரு கோப்புறை மட்டும் திறவாது. அதனைத் தொட்டவுடன், இந்தக் கோப்போ அடைவோ பழுதுற்றது, வாசிக்க இயலாதது என ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் திரையிலே தோன்றும். வேண்டியவை யாவும் அந்த ஒரு கோப்புறையிலேயே இருந்தன என்று கொண்டுவந்தவர் சொல்வார். அதில் வியப்பு ஒன்றுமில்லை. நாள்தோறும் திறந்து, எழுதி, மாற்றிய கோப்புறையே மின்சாரம் நின்ற வேளையிலும் திறந்து கிடந்திருக்கும்.

இக்கரையோர மக்களுக்கு இஃது வெறும் இயந்திரக் கோளாறு அன்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையின் வேறெந்த மாவட்டத்தையும்விட அம்பாறை மாவட்டத்திலேயே மிகுந்த உயிர்களைக் கொண்டுபோயிற்று. 10,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலை அண்டிய வீடுகளில் மாந்தரோடு பெட்டகங்களும் போயின. காணி உறுதியும், பிறப்புச் சாட்சிப்பத்திரமும், நிக்காஹ் நாளன்று எடுத்த படமும் ஒருங்கே உப்புநீரில் ஊறி உருவழிந்தன. உறுதிக்கும் சாட்சிப்பத்திரத்துக்கும் பதிவகத்திலே மறுபிரதி கேட்கலாம். மறைந்த மகளின் முகத்துக்கு மறுபிரதி வழங்கும் கந்தோர் எங்கும் இல்லை. ஆகவே, கடலுக்குத் தொலைவில் வாழ்ந்த உறவினரின் அல்பங்களிலிருந்து எஞ்சிய படங்களை இரவல் வாங்கி, ஸ்டூடியோவிலே ஸ்கேன் செய்து, வன்தட்டிற் சேர்த்துவைத்த குடும்பங்கள் உள்ளன. மூலப்படம் உரியவரிடம் திரும்பிப் போயிற்று. ஆண்டுகள் செல்ல அதுவும் பூஞ்சணம் பற்றி வெளிறியிருக்கும். அத்தகைய ஒரு வீட்டிலே அந்தக் கோப்புறை திறவாமற் போவது, போனவரை இரண்டாம் முறை பறிகொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆயின், கோப்புறை திறவாமையால் படங்கள் அழிந்துவிட்டன என்று முடிவு கட்டுதல் பெரும்பாலும் தவறு. அதனை விளங்கிக்கொள்ளுதற்குக் கோப்புறை என்பது யாது என்று அறிதல் வேண்டும். பெயரைக் கேட்டவுடன், கடதாசிகளை உள்ளே அடக்கிய ஓர் உறை மனக்கண்ணில் தோன்றுகின்றது. வன்தட்டிலே அப்படி ஓர் உறையே கிடையாது. கோப்புறை என்பது ஒரு பட்டியல் மாத்திரமே. இன்ன பெயருடைய கோப்பு, இன்ன இடத்திலே தொடங்குகின்றது, இத்தனை அளவினது என்று அப்பட்டியல் கூறும். கோப்போ, தட்டின் வேறொரு மூலையிலே, துண்டு துண்டாகக்கூடக் கிடக்கும்.

கல்முனைக்கும் சம்மாந்துறைக்கும் மேற்கே பரந்து கிடக்கும் வயல்களை எண்ணிப்பார்த்தால் இது எளிதில் விளங்கும். காணிப் பதிவேட்டில் ஒரு தாள் கிழிந்துபோனால் வயல் எங்கும் போய்விடுவதில்லை. வட்டையிலே அது கிடந்தபடியே கிடக்கும். வரம்பும் வாய்க்காலும் இருந்தபடியே இருக்கும். யாருடைய வயல் என்று கூறுவதற்கு ஆவணம் இல்லை, அவ்வளவே. ஆனால், ஆவணம் இல்லாத நிலம் வெறும் நிலமென்று கருதி வேறொருவர் அதனை உழுது, புதிய வரம்பு கட்டிவிட்டால், பழைய வயலை அதன்பின் எவரும் அடையாளங் காட்ட முடியாது. கோப்புறை பழுதுபட்ட வன்தட்டிலே புதிய கோப்புகளைச் சேமிப்பவர் செய்யும் காரியம் இதுவே.

இவ்வகைத் தட்டுகளுள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது 1956 ஆம் ஆண்டிலே ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் பொறியினது. அதில் 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகள் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்டது 50 இலட்சம் எழுத்துகளையே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் படங்களிற் சில அதற்குள் ஒன்றுகூட அடங்கமாட்டா. ஆயினும் காந்தப் பூச்சுடைய தட்டு, அதன்மேல் நகரும் வாசிப்புத்தலை என்ற அமைப்பு மாறவில்லை. இன்றைய வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றது. அதன் தலை, தட்டைத் தொடாமல், கண்ணுக்குப் புலப்படாத சிறு இடைவெளியிலே மிதந்து செல்கின்றது. அந்த இடைவெளியை நினைத்தால், ஓடிக்கொண்டிருக்கும் தட்டை மேசையிலிருந்து கீழே விழவிடுவதன் பொருள் விளங்கும்.

பட்டியல் கிழிவது எங்ஙனம்? ஒரு கோப்பைச் சேமிக்கும்போது மூன்று காரியங்கள் நிகழவேண்டும். உள்ளடக்கம் எழுதப்படவேண்டும், கோப்புறையிலே பெயர் ஏறவேண்டும், எந்த இடம் நிரம்பிற்று, எது வெற்றிடம் என்ற கணக்குத் திருத்தப்படவேண்டும். இம்மூன்றும் ஒரே கணத்தில் நடைபெறுவனவல்ல. மேலும், கணினி வேகத்தின் பொருட்டு எழுதவேண்டியவற்றைச் சிறிது நேரம் தன் நினைவகத்திலே தேக்கி வைத்திருந்து பின்னர் எழுதும். அவ்விடைவேளையில் மின்சாரம் நின்றாலும், கம்பியைப் பிடுங்கினாலும், ஒரு பாதி எழுதியும் மறு பாதி எழுதாமலும் தட்டு நின்றுவிடும். பாதுகாப்பாக அகற்றுக என்று கணினி கூறுவது, தேக்கிவைத்ததை எழுதி முடிக்க எனக்கு நேரம் தருக என்பதாகும்.

2022 மார்ச் மாத இறுதியிலே இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அறிவித்துவிட்டு வரும் மின்வெட்டைக்காட்டிலும் அறிவியாது வருவதே வன்தட்டுக்குக் கூடாதது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நாடு முழுவதும் இருளில் ஆழ்ந்தபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் என எரிசக்தி அமைச்சர் கூறினார். பாணந்துறையில் ஒரு குரங்கு தாவினால் கல்முனையில் ஒரு கோப்புறை கிழியக்கூடிய காலம் இது. மடிக்கணினியில் பற்றறி உண்டே, அச்சமில்லை என்று சிலர் எண்ணுவர். வெளியே வைத்து இணைக்கும் பெரிய வன்தட்டுகள் பலவற்றுக்குத் தனியே சுவரிலிருந்து மின்சாரம் வரவேண்டும். மின்வெட்டின்போது கணினி விழித்திருக்கும், தட்டு உறங்கிவிடும்.

கடற்காற்றையும் இங்கே சொல்லவேண்டும். உப்பீரம் இணைப்புக் கம்பிகளின் முனைகளிலே மெல்லிய களிம்பைப் படியச் செய்யும். தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும் கம்பி, நாளொன்றுக்குப் பத்து மின்வெட்டுகளுக்குச் சமம். ஆகவேதான் தேர்ந்த திருத்துநர் தட்டைக் குறைகூறும் முன்னர் கம்பியை மாற்றிப் பார்ப்பார். வேறொரு துளையிலே, வேறொரு கணினியிலே பொருத்திப் பார்ப்பார். சிறு செலவில் தீரவேண்டிய நோய்க்குப் பெரிய சிகிச்சை செய்து உயிரைப் போக்கிய கதைகள் இத்தொழிலிலும் உண்டு.

இனி, அறிவித்தல் தோன்றிய உடனே செய்யவேண்டியது யாது? மருதமுனையின் நெசவாளர் பாவிலே ஓர் இழை அறுந்தால் முதலில் தறியை நிறுத்துவார். அறுந்தபடியே ஓட்டிக்கொண்டு போகமாட்டார். இங்கும் அதுவே முதற் காரியம். அத்தட்டில் புதிதாக ஒன்றையும் எழுதலாகாது. இதனைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபோர்மட் செய்தல் வேண்டும், செய்யட்டுமா என்று கணினி சிலவேளை பணிவோடு கேட்கும். பணிவைக் கண்டு ஏமாறி ஆம் என்று சொல்லிவிடுதல் கூடாது. ஃபோர்மட் செய்தல் என்பது கிழிந்த பதிவேட்டை அகற்றிவிட்டு வெறும் பதிவேடு ஒன்றைத் திறந்து வைப்பதாகும்.

அடுத்ததாகக் காதைக் கொடுத்துக் கேட்கவேண்டும். டிக், டிக் என்று ஒரே சீராகத் தட்டும் ஓசை வருமாயின், வாசிப்புத்தலை தன் இடத்தைக் கண்டுகொள்ள மாட்டாமல் தடுமாறுகின்றது என்பது பொருள். அப்போது மின்சாரத்தை நிறுத்திவிடுவதே அறிவு. தூசியற்ற அறையும் உரிய கருவிகளும் உடைய மீட்புக்கூடத்தாரே அதனைத் திறக்கத் தக்கவர். வீட்டு மேசையில் மூடியைக் கழற்றுவதும், குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பதும் இணையத்திலும் வாய்மொழியிலும் உலவும் வைத்தியங்கள். அவற்றால் கேடே விளையும். வெள்ளத்தில் நனைந்த தட்டுக்கு இன்னொரு விதி உண்டு. அதனை வெயிலில் உலர்த்தவும் கூடாது, மின்சாரம் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. உலர்ந்தால் உப்பும் சேறும் தட்டின்மேல் இறுகிவிடும். ஈரம் காயாமல் பொலித்தீன் உறையில் இட்டுக் கட்டி மீட்புக்கூடத்துக்கு அனுப்புதலே முறை. வடகீழ்ப் பருவமழையில் ஆண்டுதோறும் நீர் ஏறும் ஊர்களுக்கு இது நினைவிருத்தல் நன்று.

ஓசை இல்லை, தட்டு அமைதியாகச் சுழல்கின்றது என்றால், நிரம்பிய இடத்தின் அளவைப் பார்க்கவேண்டும். கோப்புறை வெறுமையாகத் தோன்றுகின்றது. ஆனால் தட்டிலே முன்பு நிரம்பியிருந்த அளவு குறையவில்லை. இவ்விரண்டும் ஒருங்கே காணப்படின், உள்ளே இருந்தவை போகவில்லை என்பதற்கு அது நல்ல சான்று. பென்டிரைவ் வழியாகத் தொற்றும் ஒருவகை வைரஸ் கோப்புறைகளை மறைவானவை எனக் குறியிட்டுவிட்டு, அவற்றின் பெயரிலே போலிக் குறுக்குவழிகளை வைத்துச் செல்லும். படம் அச்சிடும் கடைகளில் ஒரே நாளிற் பலருடைய பென்டிரைவ்கள் ஒரே கணினியிற் புகுவதால், இந்நோய் அங்கிருந்து வீடுகளுக்குப் பரவுதல் எளிது. வைரஸை நீக்கி, மறைவுக் குறியை அகற்றினால் அனைத்தும் திரும்பத் தோன்றும். கண்ணீரோடு வந்தவர் ஐந்து நிமிடத்தில் சிரித்துக்கொண்டு போகும் நோய் இது ஒன்றுதான்.

மறைவும் அன்று, மெய்யாகவே பட்டியல் கிழிந்தது என்று தெளிந்தபின் எழுவதே இப்பொருளின் நடுநாயகமான வினா: முதலிலே திருத்துவதா, முதலிலே பிரதி எடுப்பதா? விண்டோஸ் உடன் வரும் செக்டிஸ்க் என்னும் திருத்தக் கருவியைப் பலரும் உடனே ஓட்டிவிடுகின்றனர். அது வல்லமையுடைய கருவியே. பல தட்டுகளை அது நேராக்கியும் இருக்கின்றது. ஆயினும் அதன் நோக்கத்தைச் சரிவர அறிந்தோர் சிலர். செக்டிஸ்க் மருத்துவர் அன்று, கணக்காய்வாளர். பதிவேடும் வெற்றிடக் கணக்கும் ஒன்றோடொன்று முரணாமல் இருத்தலே அதன் கவலை. இசையாத பதிவைத் திருத்த முடிந்தால் திருத்தும். முடியாதபோது அடித்துவிட்டுக் கணக்கைச் சரிசெய்யும். உரிமையாளர் தெரியாத துண்டுகளை ஒரு புதிய கோப்புறையிலே எண்ணிட்டுப் போட்டுவைக்கும். தட்டு நேராகிவிட்டது என்று அது அறிவிக்கும்போது, வீட்டாருக்கு வேண்டிய படங்கள் அங்கே இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். மேலும் அது தட்டின்மேலேயே எழுதுகின்றது. எழுதியபின் பழைய நிலைக்கு மீள வழியில்லை. தேய்ந்துபோன தட்டிலே, பழுதான பகுதிகளையும் தேடுமாறு அதனைப் பணித்தால், பல மணி நேரம் இடைவிடாது உழைத்து எஞ்சிய உயிரையும் தட்டு விட்டுவிடக்கூடும்.

ஆதலால் பிரதியே முதலிலே எடுக்கவேண்டும். சீவகசிந்தாமணியை 1887 இலே பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்றோர், கயிறறுந்து இதழ்கள் முன்பின்னாகக் கலந்த ஏடுகளோடு போராடியவர்கள். சிதைந்த ஏட்டின்மேலேயே எழுதித் திருத்துவதை அத்துறையினர் எவரும் ஒப்பார். பார்த்து வேறோர் இடத்தில் எழுதிக்கொண்ட பின்னரே ஆராய்வர். வன்தட்டுக்கும் அந்நெறியே பொருந்தும். டிடி ரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் இதற்கென்றே ஆக்கப்பட்டது. லினக்ஸ் இயங்குதளத்திலே அதனை ஓட்டுவர். அது முதலிலே எளிதில் வாசிக்கக்கூடிய பகுதிகளை விரைந்து பிரதி செய்துகொள்ளும். அடம்பிடிக்கும் பகுதிகளைப் பின்னுக்கு ஒதுக்கிவைத்து, இறுதியில் ஒவ்வொன்றாக முயலும். எதுவரை முடிந்தது என்று ஒரு குறிப்பையும் வைத்திருக்கும். ஆகையால் இடையே மின்சாரம் நின்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிரதி ஏற்கும் தட்டு மூலத்தட்டைவிடச் சிறிதாய் இருத்தலாகாது என்பது ஒன்றே நிபந்தனை. பிரதி எடுத்தபின் மூலத்தட்டைக் கழற்றி ஒரு புறம் வைத்துவிட்டு, பிரதியின்மேல் செக்டிஸ்க்கை ஓட்டலாம். தவறினால் இன்னொரு பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

பதிவேடுகளின் வகைக்கேற்ப மீட்கும் வாய்ப்பும் வேறுபடும். பழைய ஃபாட் முறையில் இடக்கணக்குப் பட்டியல் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று உதவலாம். இக்காலத்து வெளித்தட்டுகளிலும் படக்கருவி அட்டைகளிலும் மிகுதியாய்க் காணப்படும் எக்ஸ்ஃபாட் முறையிலே பொதுவாக ஒரே பட்டியல்தான். விண்டோஸ் கணினிகளின் உள்ளே இருக்கும் என்.டி.எஃப்.எஸ். முறையோ, பதிவேட்டில் ஒரு மாற்றத்தைச் செய்யும் முன்னர் அதனை ஒரு நாட்குறிப்பிலே எழுதிக்கொள்ளும். வட்டைவிதானையார் யார் வயலுக்கு எப்போது நீர் திறந்தார் என்பதைத் தம் கொப்பியிலே குறித்துவைப்பது போன்றது அது. மின்சாரம் நின்று திரும்பியதும் அந்தக் குறிப்பைப் பார்த்துத் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். அக்குறிப்பு பதிவேட்டையே காக்கும், கோப்பின் உள்ளடக்கத்தைக் காக்காது என்பதை மாத்திரம் மனத்திற் கொள்ளவேண்டும்.

பட்டியலை எவ்வகையாலும் செப்பனிட முடியாதபோது இறுதி வழி ஒன்று உண்டு. கிறிஸ்தோப் கிரெனியே என்பவர் ஆக்கிய டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்னும் இரு மென்பொருள்களும் இலவசமானவை. முன்னது பதிவேட்டை மீட்க முயலும். பின்னது பதிவேட்டையே பொருட்படுத்தாது. வயலை நேரே போய்ப் பார்க்கும். ஜேபெக் வகைப் படம் ஒவ்வொன்றும் 255, 216 என்ற இரு எண்களோடு தொடங்கி 255, 217 என்ற இரு எண்களோடு முடியும். தட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து, அந்தத் தொடக்கக் குறியைக் கண்ட இடமெல்லாம் ஒரு படத்தை அது எடுத்துத் தரும். படம் தொடர்ச்சியாகக் கிடந்தால் முழுமையாகக் கிடைக்கும். துண்டுபட்டுக் கிடந்தால் மேற்பாதி முகமும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமுமாய் வரும்.

இதற்கு உலகறிந்த ஒரு சான்று உண்டு. 2003 பெப்ரவரி 1 ஆம் நாள் கொலம்பியா விண்கலம் வானிலே சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். தரையில் வீழ்ந்த சிதைவுகளிடையே, வெந்து கருகிய வன்தட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. செனன் வாயுவைப் பற்றிய ஆய்வொன்றின் அளவீடுகள் அதில் இருந்தன. மீட்பு வல்லுநர் அதிலிருந்தவற்றுள் ஏறத்தாழ முழுவதையும் எடுத்துவிட்டனர்; ஆய்வின் முடிவும் 2008 இல் வெளிவந்தது. அத்தட்டு டொஸ் என்னும் பழைய இயங்குதளத்தோடு ஓடியமையால் தகவல்கள் அங்குமிங்கும் சிதறாமல் ஒருசேரக் கிடந்தன என்றும், அதுவே பேருதவி புரிந்தது என்றும் கூறப்பட்டது. ஃபோட்டோரெக் தேடும் தொடர்ச்சியின் அருமை இதனால் விளங்கும்.

புதுக் கணினிகளிலே வரும் எஸ்.எஸ்.டி. வகையில் சுழலும் தட்டு இல்லை. அங்கே நீக்கப்பட்ட கோப்பின் இடத்தைக் கருவி தானாகவே துடைத்துவிடுவதால், பின்னர் தேடினாற் கிடைப்பது அரிது. பழைய தட்டின் மந்தம் ஒருவகையிலே நன்மையாகவும் இருந்தது போலும்.

மீண்டு வந்த ஆவணங்களைத் திறந்ததும் மறுபடி ஓர் அதிர்ச்சி நேர்வதுண்டு. தமிழெழுத்து ஒன்றையும் காணோம்; ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் விரவிக் கிடக்கின்றன. கெட்டுப்போன கோப்பு என்று எண்ணி அழித்துவிடுதல் ஆகாது. யூனிகோட் முறை பரவுமுன் இலங்கையிலே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில் அமைந்த ஆவணம் அது. அவ்வெழுத்துருவிலே அரைப்புள்ளியே மெய்யெழுத்தின் புள்ளியாகும். பாமினியைக் கணினியில் நிறுவினால், மகாசபைக் கூட்ட அறிக்கையும் பழைய கலியாண அழைப்பிதழும் எழுத்துப் பிசகாமல் எழுந்து நிற்கும்.

கடைக்காரர் பக்கம் ஒரு சொல். ஒரு வீட்டின் வன்தட்டிலே அவ்வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கும். கடன் கணக்கு இருக்கும். நோய்ச் சீட்டு இருக்கும். திருத்தக் கொடுத்த தட்டு அமானிதம் என்பதை இப்பட்டினத்து மக்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வேலை முடிந்ததும், கடையில் எடுத்த பிரதியை உரியவர் முன்னிலையிலேயே அழித்துக் காட்டும் கடைக்கு மக்கள் தாமாகவே திரும்பிச் செல்கின்றனர். கொடுப்பவரும், எந்தக் கோப்புறை வேண்டும், கடைசியாக எப்போது திறந்தது, அதன்பின் என்னென்ன செய்துபார்த்தோம் என்பதை ஒளியாது கூறவேண்டும். பிள்ளை இணையத்தைப் பார்த்து ஏதோ செய்தது என்பது சொல்லக் கூசும் விடயமாயினும், திருத்துநருக்கு மிகப் பயன்படும் தகவல் அதுவே.

மீட்கப்பட்டவற்றுக்கு இரண்டாம் பிரதி ஒன்று வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. எங்கே வைப்பது என்பதையே இங்கு எண்ணிப்பார்க்கவேண்டும். ஒரே அலுமாரியில் இரண்டு தட்டுகளை வைத்தால் ஒரே வெள்ளம் இரண்டையும் நனைக்கும். ஒன்று கரையோர வீட்டிலும், மற்றொன்று உள்நாட்டிலுள்ள உறவினர் வீட்டிலோ மத்திய கிழக்கில் தொழில் செய்யும் மகனிடமோ இருப்பது தக்கது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

ஃபோட்டோரெக் எடுத்துத் தரும் படங்களுக்குப் பெயர் இராது. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் மட்டுமே இருக்கும். வாப்பாவின் நிக்காஹ் என்று பெயரிட்ட கோப்புறையும், பெருநாள் என்று பெயரிட்ட கோப்புறையும் ஆயிரக்கணக்கான படங்களாய் ஒரே குவியலிற் கலந்து கிடக்கும். படக்கருவியில் எடுத்தவற்றை அவற்றினுள்ளேயே பதிந்துள்ள திகதியைக் கொண்டு கணினி வரிசைப்படுத்திவிடும். 2004 இன் பின்னர் ஸ்கேன் செய்த பழைய படங்களிலோ எடுத்த நாள் இராது. ஸ்கேன் செய்த நாளே இருக்கும், அதுவும் இருந்தால். அவற்றுள் எது எவருடைய கலியாணம், தொட்டிலருகே நிற்கும் சிறுமி எந்த வீட்டுப் பிள்ளை, பின்னால் தெரியும் கிணறு கடற்கரைத் தெருவின் எந்த வளவினது என்பவற்றைச் சொல்ல, வீட்டின் மூத்தம்மா திரையருகே அமரவேண்டும். பேரப்பிள்ளை ஒருவர் பக்கத்திலிருந்து அவர் சொல்லும் பெயரை ஒவ்வொன்றாகத் தட்டெழுதவேண்டும். ஆயிரம் படங்களுக்குப் பல மாலைப்பொழுதுகள் ஆகலாம்.